அப்பா திடீரென்று அமைதியாகிவிட்டார், எனக்குப் பயமாக இருக்கிறது

கடிதம் நீளமானது. ஊர், பெயர், பயிர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, எழுதியவரின் சம்மதத்தோடு சுருக்கித் தருகிறேன்.

எழுதியவர் ஒரு விவசாயியின் மூத்த மகள். நகரத்தில் வேலை, மாதத்துக்கு ஒருமுறைதான் ஊருக்குப் போக முடிகிறது. அப்பாவுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. சொந்த நிலம் கொஞ்சம், குத்தகைக்கு எடுத்தது அதைவிட அதிகம். இரண்டு போகம் அடுத்தடுத்து கைவிட்டுவிட்டது: முதலாவது தண்ணீர் இல்லாமல், இரண்டாவது அறுவடைக்கு நின்ற நேரத்தில் மழையில் மூழ்கி. வங்கியில் பயிர்க்கடன், வீட்டு நகை அடகில், அதுவும் போதாமல் வெளியில் வட்டிக்கு வாங்கியது. வட்டிக்குக் கொடுத்தவர் ஒருநாள் வாசலில் நின்று நாலு பேர் கேட்கச் சத்தம் போட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து அப்பா பகலில் ஊருக்குள் நடப்பதையே விட்டுவிட்டார். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து மோட்டார் கொட்டகையில் போய் உட்கார்ந்திருக்கிறார், கரண்ட் இல்லாத நேரத்திலும். "நான் போயிட்டா கணக்கு தீர்ந்துடும்" என்று அம்மாவிடம் ஒருமுறை சொன்னாராம், சிரித்துக்கொண்டே.

ஆனால் கடந்த பத்து நாளாக ஆள் மாறிவிட்டார். கோபம் இல்லை, எரிச்சல் இல்லை, ஒழுங்காகச் சாப்பிடுகிறார். பிள்ளை மாதிரி வளர்த்த ஜோடி மாட்டைப் பக்கத்துக் காட்டுக்காரரான பழைய கூட்டாளியிடம் "நீ பார்த்துக்கோ" என்று விட்டுவிட்டார். மோட்டார் ஸ்டார்ட்டரை எப்படிப் போடுவது, பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது, யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்றெல்லாம் அம்மாவுக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார். அம்மாவுக்கு நிம்மதி, மனுஷன் தெளிந்துவிட்டார் என்று. மகளுக்கு மட்டும் வயிற்றைப் பிசைகிறது.

அவர் கேட்பவை: நேரடியாகக் கேட்டால் இல்லாத நினைப்பை நானே தூண்டிவிட்டது போல ஆகாதா? சித்தப்பா சொல்கிறபடி மருந்து டப்பாக்களைப் பூட்டி வைத்து, ராத்திரியில் கொஞ்சம் குடிக்கக் கொடுத்துத் தூங்க வைத்தால் போதாதா? என் பெயரில் பெர்சனல் லோன் எடுத்து எல்லாக் கடனையும் அடைத்துவிடட்டுமா? டாக்டரிடம் போனால் ஊருக்குத் தெரியும், போலீஸ் வரும் என்று அம்மா அழுகிறாரே, அதற்கு என்ன செய்வது?

முதலில் மற்ற வாசகர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இப்படி ஒரு கடிதத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருக்க முடியாது. வந்த அன்றே இவரைத் தொலைபேசியில் பிடித்துப் பேசிவிட்டேன். கீழே இருப்பது அன்று பேசியதும், பேச நேரம் போதாமல் விட்டதும். இதே இடத்தில் நிற்கும் இன்னும் பல மகள்கள், மகன்கள், மனைவிகளுக்கும் இது பயன்படும் என்பதால்தான் எழுதுகிறேன்.

சரி, இனி உங்களிடம்.

உங்கள் வயிறு பிசைந்தது சரி. அம்மாவைக் குறை சொல்லவில்லை. மாதக்கணக்கில் எரிந்து விழுந்த மனிதர் ஒருநாள் சாந்தமாகச் சாப்பிட உட்கார்ந்தால் எந்த மனைவிக்கும் அது வரமாகத்தான் தெரியும். ஆனால் வெளியில் ஒன்றுமே மாறவில்லையே. கடன் அப்படியே இருக்கிறது, வட்டி ஓடுகிறது, பயிர் திரும்ப முளைத்துவிடவில்லை. காரணமில்லாமல் வந்த அமைதி, அதோடு சேர்ந்து மாட்டை ஒப்படைப்பது, பத்திரத்தைக் காட்டுவது, கணக்கு ஒப்பிப்பது. இத்தனையும் ஒன்றாக வரும்போது நாங்கள் அதைத் தெளிவு என்று எடுத்துக்கொள்வதில்லை. உள்ளே நடந்துகொண்டிருந்த சண்டையில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டவர்களிடமும் இந்த அமைதி வரும். உங்கள் அப்பா அந்த முடிவுக்கு வந்துவிட்டார் என்று நான் சொல்லவில்லை, தொலைவில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. வந்திருக்கலாம் என்று வைத்துக்கொண்டு நடப்பதில் நமக்கு நஷ்டம் எதுவும் கிடையாது. வரவில்லை என்று வைத்துக்கொண்டு நடந்து, அது தப்பாகப் போனால் திருத்த வழியே இல்லை.

இன்னொன்று. "சொல்கிறவன் செய்ய மாட்டான்" என்று உங்கள் சித்தப்பா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பேச்சு ஊர் ஊராக இருக்கிறது, இதைப் போல உயிரைக் குடித்த பேச்சு வேறு இல்லை என்பேன். உயிரை மாய்த்துக்கொண்டவர்களில் மிகப் பலர் ஏதோ ஒரு விதத்தில், யாரோ ஒருவரிடம், சிரித்துக்கொண்டாவது, சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். அப்பா அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

இன்று ராத்திரி, விடிவதற்குள்

நீங்கள் ஊர் போய்ச் சேரும்வரை அவர் தனியாக இருக்கக் கூடாது. காவல் போடுவது போல வேண்டாம், அது அவருக்கு அவமானம். மாட்டை வாங்கிக்கொண்ட அந்தக் கூட்டாளி இருக்கிறாரே, அவரை நம்புங்கள். அவருக்கு ஏற்கனவே ஏதோ உறுத்தியிருக்கும், மாட்டை யாராவது சும்மா கொடுப்பார்களா. "அப்பாவைப் பற்றிப் பயமா இருக்கு மாமா, ராத்திரி கொட்டகையில கூட இருங்க" என்று உடைத்தே சொல்லுங்கள். விவசாயிகள் இரவில் கொட்டகையில் கூட உட்காருவது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது. அவர் அங்கே ஒன்றும் பேச வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

வீட்டிலும் கொட்டகையிலும் இருக்கிற பூச்சிமருந்து, களைக்கொல்லி, பாதி தீர்ந்த பாட்டில், பழைய பொட்டலம் எல்லாம் இன்றே அந்த வளாகத்தை விட்டு வெளியேற வேண்டும். இதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

குடிக்கக் கொடுப்பது வேண்டவே வேண்டாம். சித்தப்பா நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் மது தூக்கத்தைத் தருவது போலத் தந்து பாதி ராத்திரியில் எழுப்பிவிடும், அந்த நேரத்தில் மனது இன்னும் கீழே கிடக்கும், கையைத் தடுக்கிற கொஞ்சநஞ்ச யோசனையும் போய்விட்டிருக்கும். அவருக்கு ராத்திரி இரண்டு மணிதான் ஆபத்தான நேரம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால், இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண், அதாவது அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். இலங்கையில் இருக்கும் வாசகர்களுக்கு 1926. அப்பாதான் பேச வேண்டும் என்றில்லை, அவரை வைத்துக்கொண்டு தவிக்கிற நீங்களும் கூப்பிடலாம். ஏதாவது நடந்துவிட்டது என்று துளி சந்தேகம் வந்தாலும் அவர் "ஒண்ணும் இல்லை" என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்காமல், கைவைத்தியம் எதுவும் பார்க்காமல், நேராக மருத்துவமனை. ஆம்புலன்சுக்கு இந்தியாவில் 108, இலங்கையில் 1990.

கேட்டால் நினைப்பு வந்துவிடுமா?

வராது. என்னிடம் வருகிற குடும்பங்களில் முக்கால்வாசிப் பேருக்கு இந்தப் பயம் இருக்கிறது, அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். இந்தக் கேள்வியை ஆராய்ந்த 13 ஆய்வுகளை எடுத்து அலசிய ஒரு மீளாய்வு 2014இல் வந்தது. கேட்டதால் அந்த எண்ணம் குறிப்பிடத்தக்க அளவு கூடியதாக ஒன்றில்கூட இல்லை. உள்ளே தனியாகச் சுமந்துகொண்டிருந்த ஒன்றை இன்னொரு ஆள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் பெரும்பாலானவர்களுக்கு மூச்சு விட முடிகிறது. என் எதிரில் உட்கார்ந்து அந்தக் கேள்வியைக் கேட்டதற்காகக் கோபப்பட்டவர்களைவிட, தோளைத் தொங்கவிட்டு அழுதவர்கள்தான் அதிகம்.

ஆனால் எப்படிக் கேட்கிறீர்கள் என்பது முக்கியம். நாம் பழக்கத்தில் கேட்கிற கேள்வி இது: "அப்பா, தப்பா எதுவும் நினைக்கலைல்ல?" இந்தக் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. "இல்லைம்மா" என்று சொல், நான் நிம்மதியாகப் போகிறேன் என்று அவரைக் கேட்டுக்கொள்கிறோம். அவரும் உங்கள் நிம்மதிக்காக "இல்லைம்மா" என்பார். அந்த "ல்ல"வை எடுத்துவிடுங்கள். "அப்பா, செத்துடலாம்னு தோணுதா?" அவ்வளவுதான். தற்கொலை என்ற சொல் நாக்கில் வராவிட்டால் பரவாயில்லை, சாவு என்ற சொல் வந்தாக வேண்டும். சுற்றி வளைத்தால் அவரும் சுற்றி வளைப்பார்.

எதிரெதிரே உட்கார வைத்துக் கேட்காதீர்கள், விசாரணை மாதிரி இருக்கும். இவர்களுக்கெல்லாம் பேச்சு வருவது கை வேலையில் இருக்கும்போது, பக்கத்தில் நடக்கும்போது, முகம் பார்க்காதபோது. வாய்க்கால் மடையைத் திருப்பப் போகும்போது கூடவே போங்கள். கேட்டுவிட்டு, அப்புறம் வாயை மூடிக்கொண்டிருங்கள். அந்த மௌனம் நீளமாக இருக்கும், உங்களால் தாங்க முடியாத அளவுக்கு. அதை நிரப்பாதீர்கள்.

"ஆமாம்மா" என்று சொல்லிவிட்டால்? உடனே "உங்களுக்கு என்ன குறை, எங்களை நினைச்சுப் பாருங்க, எத்தனை பேர் இதைவிடக் கஷ்டத்துல இருக்காங்க" என்று ஆரம்பித்துவிடுவோம். இவை எல்லாமே அன்பில் வருவதுதான், ஆனால் அவர் காதில் விழுவது ஒன்றே ஒன்று: நீ தோற்றுவிட்டாய். அவரோடு கணக்கு பேசாதீர்கள். "சொன்னீங்களே, அது போதும்பா. நீங்க இல்லாத வீடு எங்களுக்கு வேண்டாம்" என்பதற்கு மேல் அந்த நிமிடத்தில் எதுவும் தேவையில்லை. அப்புறம் மெதுவாக, எப்படி என்று யோசித்தாரா, எப்போது என்று யோசித்தாரா என்பதைக் கேளுங்கள். கேட்கவே கொடுமையாக இருக்கும், தெரியும். வழியும் நாளும் மனதில் குறித்துவிட்டார் என்றால் அன்றைக்கே மருத்துவமனை, மறுநாள் காலை வரை தள்ளக் கூடாது.

இன்னொன்று, அம்மா இதைச் செய்வார் என்பதால் சொல்கிறேன். தலையில் அடித்துச் சத்தியம் வாங்காதீர்கள். சத்தியம் செய்தவருக்கு அடுத்த முறை அந்த எண்ணம் வந்தால் இப்போது அதை உங்களிடம் சொல்லவும் முடியாது, சத்தியத்தை மீறிய குற்றமும் சேர்ந்துகொள்ளும். அதற்குப் பதில் அவரோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். இது எந்த நேரத்தில் முற்றுகிறது, அப்போது தனியாக என்ன செய்தால் கொஞ்சம் தணிகிறது, யாரோடு இருந்தால் பரவாயில்லை, யாரிடம் "முடியலை" என்று சொல்ல முடியும், எந்த எண்ணைக் கூப்பிடுவது, எதையெல்லாம் கைக்கெட்டாமல் வைக்க வேண்டும். உங்கள் வார்த்தையில் எழுத வேண்டாம், அவர் வார்த்தையில். என்னிடம் வந்த ஒருவர் இதைக் கடன் கணக்கு எழுதுகிற நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். ராத்திரியில் எப்படியும் இந்த நோட்டைத்தானே எடுப்பேன் என்றார். எனக்கு அது தோன்றியிருக்காது.

பூட்டும் சாவியும்

தமிழில் ஒரு சங்கடம் இருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுப்பதும் மருந்துதான், பயிருக்குத் தெளிப்பதும் மருந்துதான். அதனாலேயோ என்னவோ, பல வீடுகளில் இரண்டும் ஒரே மாடத்தில், ஒரே சாதாரணத்தோடு உட்கார்ந்திருக்கும். கட்டிலுக்கு அடியில் பாட்டில் கிடப்பதை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

நஞ்சு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வந்து பிழைத்தவர்களிடம் இலங்கைக் கிராமப்புறங்களில் விரிவாகக் கேட்டிருக்கிறார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் முடிவெடுத்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பெரும்பாலானவர்கள் எடுத்தது வீட்டிலோ பக்கத்திலோ கைக்கு அகப்பட்டதை. மாதக்கணக்கில் வேதனை இருந்திருக்கலாம், ஆனால் கை நீண்ட அந்த நேரம் மிகச் சின்னது. அந்தச் சின்ன நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் பல பேருடைய ஆயுளைத் தீர்மானித்திருக்கிறது. "சாகணும்னு முடிவு பண்ணினவன் எப்படியும் போயிடுவான், ஒளிச்சு வெச்சு என்ன ஆகும்" என்பது தப்பு. ஒருமுறை முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் அதற்கப்புறம் தற்கொலையால் சாகவில்லை.

ஒரு நாடே இதைக் காட்டியிருக்கிறது. 1990களின் நடுவில் உலகிலேயே அதிகத் தற்கொலை விகிதம் இருந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று, கிராமங்களில் பெரும்பாலும் பூச்சிமருந்தால். மிகக் கொடிய நச்சு வகைகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. 1995 முதல் 2015 வரை சுமார் 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அந்த இருபது ஆண்டுகளில் அங்கே விவசாயிகளின் கடன் தீர்ந்துவிடவில்லை, மழை பொய்க்காமல் இல்லை, போரும் நடந்தது. கஷ்டம் இருந்தது, ஆள் பிழைத்தார்.

அப்படியானால் சித்தப்பா சொன்ன பூட்டு? அதையும் சோதித்திருக்கிறார்கள், அதே இலங்கையில், 180 கிராமங்களில். பாதிக் கிராமங்களின் வீடுகளுக்குப் பூட்டுகிற பெட்டி கொடுத்தார்கள். 2017இல் முடிவு வந்தது: பெட்டி கொடுத்த ஊர்களிலும் கொடுக்காத ஊர்களிலும் பெரிய வித்தியாசம் இல்லை. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. பெட்டியும் வீட்டில், சாவியும் வீட்டில், சாவி யாரிடம் இருக்கும்? மருந்தடிக்கிறவரிடம். உங்கள் வீட்டில் அது அப்பா.

ஆகவே பூட்டாதீர்கள், வெளியேற்றுங்கள். தமிழ்நாட்டில் காட்டுமன்னார்கோவில் பக்கம் இரண்டு ஊர்களில் பொது மருந்துக் கிடங்கு ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். லாக்கருக்கு இரண்டு சாவி, ஒன்று விவசாயியிடம், இன்னொன்று கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவரிடம், இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். சின்ன ஆய்வுதான், ஆனால் நல்ல யோசனை. அதை உங்கள் அளவில் செய்யுங்கள். மிச்சம் இருப்பது எல்லாம் கூட்டாளி வீட்டுக்கோ, வேறு ஆள் பார்வையில் இருக்கும் இடத்துக்கோ போகட்டும். இனிமேல் தேவைப்பட்டால் அன்றைக்கு வேண்டியதை மட்டும் அன்று வாங்கி, வேறொருவர் அடித்து, மிச்சம் வைக்காமல் முடிக்கட்டும். இதை அப்பாவுக்குத் தெரியாமல் செய்ய வேண்டாம். திருட்டுத்தனமாக எடுத்தால் தேடுவார், கோபப்படுவார். "கொஞ்ச நாளைக்கு இது இங்க வேண்டாம்பா, எனக்குப் பயமா இருக்கு" என்று உங்கள் பயத்தின் மேல் பழியைப் போட்டுச் சொல்லுங்கள். அப்பாக்கள் மகளின் பயத்துக்கு இறங்கி வருவார்கள். வீட்டில் தூக்க மாத்திரை, பழைய மாத்திரை அட்டை ஏதாவது இருந்தால் அதுவும் அம்மா கையில்.

கடனை நான் அடைத்துவிடட்டுமா?

இப்போது வேண்டாம். உங்கள் மனசு புரிகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள், நாளை காலையில் போய் "எல்லாத்தையும் கட்டிட்டேன்பா" என்று சொன்னால் அவர் முகத்தில் என்ன வரும்? நன்றியோடு சேர்ந்து, மகள் தலையிலும் கடனை ஏற்றிவிட்டேன் என்பதும் வரும். ஏற்கனவே அவர் தன்னைச் சுமையாகத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார், "நான் போயிட்டா கணக்கு தீர்ந்துடும்" என்பதன் பொருளே அதுதான். அந்த எண்ணத்துக்கு நீங்கள் ஒரு ரசீது கொடுத்தது போல ஆகும்.

கூடவே, அவர் நினைப்பது நிஜமும் அல்ல. ஆள் போனால் கடன் போகாது. அடமானம் நிலத்தின் மேல் அப்படியே நிற்கும், நகை அடகிலேயே இருக்கும், ஜாமீன் போட்டவர் கழுத்துக்கு அது வரும். இதை வாதமாக அவர் முன் வைக்க வேண்டாம். உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

செய்யக்கூடியது, அவசரம் அடங்கின பிறகு, ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழித்து, அவரோடு உட்கார்ந்து ஒரு தாளில் பட்டியல் போடுவது. மனதில் இருக்கும்போது கடன் ஒரே பெரிய மலை. தாளில் போட்டால் ஐந்தோ ஆறோ வரிகள், அவற்றில் சில காத்திருக்கும், சில காத்திருக்காது. இந்தியாவில் பேரிடர் அறிவிக்கப்பட்ட பகுதிகளில் பயிர்க்கடனின் தவணையை மாற்றியமைக்க வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் இருக்கிறது. தவணை தவறுவதற்கு முன்னால் எழுதிக் கேட்பது நல்லது, தவறிய பிறகும் கேட்கலாம். வங்கியோ நிதி நிறுவனமோ அனுப்புகிற வசூல் ஆள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடவோ மிரட்டவோ கூடாது. வெளியில் வட்டிக்குக் கொடுத்தவர் வாசலில் நின்று கத்துவது, மிரட்டுவது பற்றி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் உங்கள் அம்மா இலவசமாக ஆலோசனை கேட்கலாம். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது.

என் பார்வையில் அப்பாவை முறித்தது வட்டியைவிட அந்த வாசல்தான். உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள், போகம் போனபோது அவர் ஊருக்குள் நடந்துகொண்டுதான் இருந்தார். நாலு பேர் கேட்கச் சத்தம் போட்ட பிறகுதான் நடப்பதை விட்டார். ஆகவே அந்த ஆள் மறுபடி வருகிற நாளுக்கு ஒரு ஏற்பாடு வேண்டும். அவரோடு பேச அப்பாவைத் தவிர வேறொருவர், நீங்களோ சித்தப்பாவோ. அன்றைக்கும் மறுநாளும் அப்பாவோடு கட்டாயம் ஒரு ஆள். சித்தப்பாவின் அக்கறைக்கு இது சரியான வேலை.

ஊர், போலீஸ், டாக்டர்

அம்மாவின் பயத்தைப் பிரித்துப் பார்க்கலாம். சாக வேண்டும் போலிருக்கிறது என்று ஒருவர் டாக்டரிடம் போய்ச் சொல்வது எந்தச் சட்டத்திலும் குற்றமே அல்ல, போலீசுக்கு அங்கே வேலையே இல்லை. முயன்றுவிட்ட நிலையிலும்கூட இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 115ஆம் பிரிவில், அவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாது என்கிறது. இலங்கையில் அது குற்றம் என்ற சட்டத்தையே 1998இல் எடுத்துவிட்டார்கள். மருத்துவமனை ஒரு பதிவு போடும், போலீஸ்காரர் வந்து கேட்டுப் போகலாம், அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பயத்தில் வீட்டிலேயே வைத்துப் பார்த்த நேரத்தில் போன உயிர்களை நான் அறிவேன்.

டாக்டரிடம் எப்படிக் கூட்டிப் போவது? பொய் சொல்ல வேண்டாம், தேவையும் இல்லை. தூக்கம் இல்லை என்பது நிஜம். உடம்பு வலி, வயிற்று எரிச்சல், கை காலில் பலமில்லை என்று அவர் சொல்வதும் நிஜம். உழைத்துப் பழகிய ஆண்களின் மனச்சோர்வு அழுகையாக வருவதைவிட இப்படி உடம்பாகவும் கோபமாகவும் வருவதுதான் அதிகம். பக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவமனையில் பொது மருத்துவரிடமிருந்தே தொடங்கலாம். அங்கே "சாவைப் பற்றிப் பேசுகிறார்" என்ற வரியை மட்டும் விழுங்கிவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் ஒரு வைட்டமின் மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள். எத்தனை வருஷமாகக் கையால் மருந்தடிக்கிறார் என்பதையும் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தால் அது வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் சில வாரங்களில் மனது தெளிவதற்கு முன்பே உடம்பில் தெம்பு வந்துவிடுவதும் உண்டு, ஆகவே மாத்திரை ஆரம்பித்தாயிற்று என்று காவலைத் தளர்த்த வேண்டாம்.

நகரத்தில் இருந்துகொண்டு நான் என்ன செய்துவிட முடியும் என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நாடுகளில் ஐந்து இடங்களில், முயன்று பிழைத்து மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரை வைத்து உலக சுகாதார நிறுவனம் ஒரு சோதனை செய்தது. ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்கு அதோடு ஒரு மணி நேரப் பேச்சு, அப்புறம் ஒன்றரை வருஷத்தில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ ஒரு விசாரிப்பு, எப்படி இருக்கீங்க என்று. அவ்வளவே. அந்த இரண்டாவது பாதியில் பின்னர் தற்கொலையால் இறந்தவர்கள் மிகக் குறைவு. பெரிய வைத்தியம் எதுவும் இல்லை, யாரோ விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தினமும் ஒரே நேரத்தில் கூப்பிடுங்கள், ராத்திரி அவர் படுக்கப் போகும் முன். அம்மா போனில் அப்பா எப்படி இருக்கிறார் என்று விசாரிப்பதை நிறுத்திவிட்டு அவர் போனிலேயே கூப்பிடுங்கள். பேச ஒன்றும் இல்லாவிட்டால் மடையில் தண்ணீர் வருகிறதா என்று கேளுங்கள். வாரத்துக்கு ஒருமுறை அந்த நேரடிக் கேள்வியை மறுபடி கேளுங்கள், ஒருமுறை "இல்லை" என்றதோடு அது முடிந்துவிடுவதில்லை.

மாட்டைத் திரும்ப ஓட்டி வந்துவிடலாமா என்று போனில் கேட்டீர்கள். இரண்டு மூன்று வாரம் போகட்டும். அப்புறம் ஒரு மாட்டை மட்டும், கூட்டாளியே ஓட்டிக்கொண்டு வந்து, "என்னால ரெண்டையும் பார்க்க முடியலப்பா, இதை நீயே வெச்சுக்கோ" என்று கட்டிவிட்டுப் போகட்டும். விடிகாலையில் தண்ணீர் காட்ட ஒரு ஜீவன் காத்திருக்கிறது என்பது சில பேரை எழுப்பிவிடும். அதற்குள் அம்மாவுக்கு ஒருநாள் ராத்திரி முழுத் தூக்கம் கிடைக்க வழி பண்ணுங்கள், அந்த இரண்டு மணிக்கு அவரும் கண்ணை மூடாமல்தான் படுத்திருக்கிறார்.